"வேலூர்ல வெயில் என்ன புதுசா?" என்று கேட்பவர்களுக்குப் புவி வெப்பமயமாதலை எப்படிச் சொல்வது?

குடியாத்தம்_வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று நடக்கிறது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பருவநிலை மாற்றம் பற்றி அரைமணி நேரம் பேசச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், என் தகுதி அவ்வளவுதான். கேட்க வருபவர்கள் கைலி நெய்கிறவர்கள், பீடி சுற்றும் அக்காக்கள், சுற்றுப்பட்டு கிராமங்களில் வேர்க்கடலை போடுகிற சில பெரியவர்கள், அப்புறம் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பசங்க.

இதற்கு முன் வேறொருவர் வந்து இதே தலைப்பில் பேசியிருக்கிறார். பனிக்கரடி படம், உடைந்து விழும் பனிப்பாறை, மேலே மேலே ஏறும் ஒரு சிவப்புக் கோடு, கடைசியில் பூமியைக் காப்போம் என்று ஒரு உறுதிமொழி. கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஆனால் அந்த டீ நேரத்தில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "எங்க தாத்தா காலத்துலயே கத்திரியில காக்கா செத்து விழும், வேலூர்ல வெயில் என்ன புதுசா" என்றார் ஒரு பெரியவர். ராக்கெட் விட்டு விட்டு வானத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, அதனால்தான் சூடு என்றார் இன்னொருவர். பாலாறு காய்ந்ததும் இதனாலதானா என்று ஒரு அக்கா கேட்டார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "வறட்சி வந்தாலும் இதனாலன்றாங்க, வெள்ளம் வந்தாலும் இதனாலன்றாங்க, எது வந்தாலும் பொருந்துற மாதிரி ஒரு காரணம் வச்சிருக்காங்க" என்றார். நியாயமான கேள்விதானே அது?

இந்தப் பக்கம் நம்ம வட ஆர்க்காட்டு ஆட்கள் இருந்தால், எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள். கிராஃப் வேண்டாம். நூலகத்தில் புரொஜெக்டர் இருக்கிறது, கரண்ட் இருக்குமா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.


காட்பாடி_வாத்தியார் எழுதியது:

வணக்கம்மா. நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன்.

"வேலூர்ல வெயில் புதுசா" என்று கேட்ட பெரியவரிடமிருந்தே ஆரம்பியுங்கள். அவர் சொல்வது உண்மை. அதை மறுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் அந்த நிமிஷமே அந்த அறையில் பாதிப் பேர் உங்களைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். நம் ஊர்ச் சூட்டை மூன்று கணக்காகப் பிரித்துச் சொல்லுங்கள், எது எதனால் என்று. எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவதால்தான் மக்கள் எதையுமே நம்ப மறுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதல் கணக்கு பூகோளம். மே மாதத்தில் சென்னைக்கு மதியம் வாக்கில் கடற்காற்று வந்துவிடும், சூடு அதோடு நின்றுவிடும். நமக்கும் கடலுக்கும் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல். காற்று வந்து சேர சாயங்காலம் ஆகும், பல நாள் வருவதே இல்லை. அது போதாதென்று மேற்கே இருந்து வீசும் காற்று மைசூர் பீடபூமியிலிருந்து இறங்கி வருகிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், வேலூர் 200 மீட்டர் சொச்சம். காய்ந்த காற்று உயரத்திலிருந்து கீழே இறங்கினால் அழுத்தம் கூடி, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். அப்படியென்றால் அங்கே 34 டிகிரியில் இருந்த காற்று இங்கே வந்து இறங்கும்போது 41 ஆகிறது. ஒரு சைக்கிள் பம்பு எடுத்துப் போங்கள். முனையை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அடித்துவிட்டுக் குழாயின் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், காற்றை அமுக்கினால் சுடும் என்பது கையிலேயே தெரியும். ஆக, வேலூர் வெயிலுக்குக் கரியமில வாயு தேவையே இல்லை, தாத்தா காலத்திலும் அது இருந்தது.

இரண்டாவது, ஊர் தானாக இழுத்துவிட்டுக்கொண்ட சூடு. நாட்டு ஓடும் கூரையும் போய் எல்லாம் கான்கிரீட் தளம். ஏரி இருந்த இடத்தில் மனை, மரம் இருந்த இடத்தில் தார். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், தளம் அப்போதும் சுடும். பகல் முழுக்க வாங்கிவைத்ததை அது ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ளும் வெளியிலும் விட்டுக்கொண்டிருக்கும், கீழே ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி நம் மேல் அடிக்கிறது. இதுவும் உலக வெப்பம் இல்லை, நம் நகராட்சி அளவு வெப்பம்.

மூன்றாவதுதான் நீங்கள் பேசப் போகும் விஷயம். இந்த இரண்டுக்கும் மேலே, உலகம் முழுக்க அடிமட்டமே கொஞ்சம் தூக்கப்பட்டிருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டால் 2024ஆம் ஆண்டின் உலக சராசரி சுமார் 1.5 டிகிரி அதிகம், அளவெடுக்க ஆரம்பித்ததிலிருந்து மிகச் சூடான ஆண்டு அதுதான். இந்தியாவின் சராசரி 1901இலிருந்து 2018க்குள் ஏறக்குறைய 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. அதாவது பழைய வெயில் அப்படியே இருக்கிறது, அது நிற்கிற தரை உயர்ந்துவிட்டது. நமக்கு ஏற்கனவே 42, 43 வருகிற ஊர் என்பதால்தான் இந்தக் கூடுதல் நம்மை மற்றவர்களைவிட முதலில் கடிக்கும். "எங்களுக்கு வெயில் பழக்கம்" என்பது ஆறுதல் இல்லை, எல்லை ஓரத்தில் நிற்பவன் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

பாலாற்றைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு நேராகச் சொல்லிவிடுங்கள், அது காய்ந்ததற்கு முதல் காரணம் இது இல்லை என்று. நந்திமலைப் பக்கம் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் தாண்டி நம்மிடம் வரும் ஆறு அது. மேலே ஏரிகளும் தடுப்பணைகளும், கீழே மணல் கொள்ளை, இரு கரையிலும் ஆழ்துளைக் கிணறு, போதாக்குறைக்குத் தோல் பதனிடும் ஆலைக் கழிவு. இதெல்லாம் மனுஷன் கைவேலை, ஆனால் வேறு கைவேலை. இதையும் பருவநிலைக் கணக்கில் எழுதினால் மணல் அள்ளியவன் தப்பித்துவிடுவான்.

ராக்கெட் ஓட்டைக்கு ஒரே வரி போதும். ஓசோன் ஓட்டை என்பது வேறு பிரச்சினை, அண்டார்டிகா மேலே, பழைய ஃபிரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரே டப்பாக்களில் இருந்த குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்களால் வந்தது. 1987இல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் போட்டு அவற்றை நிறுத்தினார்கள், அது மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது. சொல்வதற்கு நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது என்று காட்ட இது உதவும்.


தறிக்குழி எழுதியது:

வாத்தியார் சார் சொன்னது அருமை. நான் குடியாத்தம் நெசவுக் குடும்பம்தான், இப்போது ஓசூரில் வேலை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

அக்கா, உங்களிடம் வருகிறவர்களுக்குக் காற்றில் ஈரம் என்றால் என்ன என்று நீங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை, அவர்கள்தான் உங்களுக்கு நடத்துவார்கள். தறியைக் குழியில் ஏன் போட்டார்கள்? மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் பாவு நூலுக்குக் கிடைக்கட்டும் என்றுதான். மேற்கே இருந்து காய்ந்த காற்று அடிக்கிற நாளில் இழை அறுந்துகொண்டே இருக்கும், முடிச்சுப் போட்டே பொழுது போகும். பீடி இலையும் அப்படித்தான், நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால்தான் வெட்டவும் சுற்றவும் வரும், ஃபேனுக்கு நேரே வைத்தால் கொஞ்ச நேரத்தில் சருகாகி ஓரம் உடையும். அவர்களிடம் "போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் இலை எப்படிக் காயுது" என்று கேட்டுத் தொடங்கினால் பேச்சு தானாக ஓடும்.

அதற்கு ஒரு சோதனை. ரெண்டு சாதாரண வெப்பமானி வாங்குங்கள் (உடம்பு ஜுரம் பார்ப்பது இல்லை, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாய்). ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி ரெண்டையும் நிழலில் மாட்டிவிடுங்கள், ஃபேன் காற்று படட்டும். ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் துணி சுற்றியது குறைவாகக் காட்டும். மண்பானையில் நடப்பது இதேதான், நம் வியர்வையில் நடப்பதும் இதேதான். நம்ம ஊரில் மே மாத மதியம் 42 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஈரத்துணி வெப்பமானி 26 வாக்கில் நிற்கும். சென்னையில் 36 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் அது 30 காட்டும். வேலூரில் ஏர் கூலர் வேலை செய்கிறது, சென்னையில் அதே கூலர் வீட்டை நமுத்துப்போக வைக்கிறது, காரணம் இதுதான். சென்னைக்குப் போன நம்ம ஆட்கள் "அங்க டிகிரி கம்மி, ஆனா தாங்க முடியல" என்று புலம்புவதற்கும் இதுதான்.

இந்த ஈரத்துணி வெப்பநிலை 35ஐத் தொட்டால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாலும் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது, உடல் உழைப்பு செய்பவர்களுக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து வந்துவிடும். உலகம் சூடாகும்போது காற்றில் ஈரமும் சேர்ந்துதான் ஏறும் என்பதால், நமக்கு இனிமேல் பயப்பட வேண்டியது காய்ந்த 43 மட்டும் இல்லை, மழை வந்து நின்றபின் வருகிற அந்தப் புழுக்கம். கத்திரி முடிந்து வைகாசி, ஆனியில் ஒரு இடிமழை பெய்துவிட்டு மறுநாள் மதியம் தறியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள், எல்லோருக்கும் தெரியும்.


சும்மா_ஒருத்தன் எழுதியது:

எல்லாம் படித்தேன். நல்லாத்தான் எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு இதில் பாதி ஒட்டவில்லை, நூலகத்திலும் என்னை மாதிரி ஒரு ஆள் கட்டாயம் எழுந்து நிற்பான் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

வேலூரில் விடியற்காலை 27, மதியம் 42. ஒரே நாளில் பதினைந்து டிகிரி ஏறி இறங்குகிற ஊரில் வந்து 0.7 டிகிரிக்கு அழச் சொல்கிறீர்களா? காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான், பத்தாயிரத்தில் நாலு பங்கு, அது என்னத்தைப் பெரிதாகச் செய்துவிடும்? சூரியனே கொஞ்சம் அதிகமாக எரிகிறது என்று வைத்துக்கொள்ளலாமே. எரிமலை வெடித்தால் வராததா? நாளைக்கு மழை வருமா என்றே சரியாகச் சொல்ல முடியாதவர்கள் 2100ஆம் வருஷத்துக்கு ஜோசியம் சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.


ஜவ்வாது_அடிவாரம் எழுதியது:

ஒருத்தன் சார், கேள்விகள் நல்ல கேள்விகள். திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கிறேன், காவலூர் வானாய்வகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது இதே கேள்விகள் பேருந்திலேயே வந்துவிடும்.

0.04இலிருந்து தொடங்கலாம். காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். பூமி ராத்திரி பகலாக மேலே விடுகிற வெப்பக் கதிரை இந்த இரண்டும் சீண்டுவதே இல்லை, அப்படியே போகவிடும். பிடிப்பது நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சில மட்டும்தான். ஆகவே 99 சதவீதத்தோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை, வேலை செய்கிற கூட்டத்துக்குள் எவ்வளவு மாறியது என்று பார்க்க வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடர்ந்து அளக்க ஆரம்பித்தபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கரியமில வாயு சூட்டைப் பிடிக்கும் என்பது நேற்று கண்டுபிடித்ததும் இல்லை. 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாயில் வாயுவை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து எழுதினார், 1859இல் ஜான் டிண்டால் அளந்து காட்டினார். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806இலிருந்து கணக்குப் பார்த்தால் ஐம்பது வருஷம்தான் தள்ளி, அவ்வளவு பழைய அறிவியல் இது.

வெப்பத்தை ஏதோ ஒன்று மேலே இருந்து திருப்பி அனுப்ப முடியும் என்பதை நம் ஆட்கள் உடம்பாலேயே அறிவார்கள். மார்கழியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் விடியற்காலையில் பனி கொட்டும், ஏலகிரியில் பல் கிட்டும். அதே மார்கழியில் மேகம் மூடியிருந்தால் குளிரே தெரியாது. சூரியன் ரெண்டு ராத்திரியிலும் இல்லை. தரை விட்ட சூட்டை மேகம் பிடித்துக் கீழே அனுப்பியது, அவ்வளவுதான். கரியமில வாயு இதையே கண்ணுக்குத் தெரியாமல், வருஷம் பூராவும், ராத்திரி பகல் பார்க்காமல் செய்கிறது. அக்கா, பேச்சில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள், மற்றது எது போனாலும் பரவாயில்லை.

சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலே கீழே எல்லாம் சேர்ந்து சூடாக வேண்டும். நடப்பது என்ன? நாம் இருக்கும் கீழ் அடுக்கு சூடாகிறது, மேலே அடுக்கு மண்டலம் குளிர்ந்துகொண்டிருக்கிறது. கீழே பிடித்து வைத்துக்கொண்டால்தான் அப்படி ஆகும். எரிமலைகள் ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. நாம் நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு எரித்து விடுவது வருஷத்துக்கு 3,700 கோடி டன் வாக்கில்.

0.7 டிகிரி பற்றி. ஒரு நாளைக்குள் ஏறி இறங்குவது வேறு, நூறு வருஷச் சராசரி நகர்வது வேறு. உலகச் சராசரி இப்போதைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக இருந்த காலத்தைத்தான் பனியுகம் என்கிறோம், இருபதாயிரம் வருஷத்துக்கு முன் வட ஐரோப்பாவும் கனடாவும் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தன. சராசரி கொஞ்சம் தள்ளினால் எப்போதாவது வந்த உச்சநாட்கள் அடிக்கடி வரத் தொடங்கும், நாம் சாகிறது அந்த உச்சநாட்களில்தான், சராசரி நாளில் இல்லை. இந்தியாவின் ஏற்றம் உலகத்தைவிடக் குறைவாக இருப்பதற்கு நம் தூசியும் புகையும் வெயிலை ஓரளவு மறைப்பது ஒரு காரணம். அந்தப் புகையைச் சுத்தம் செய்யாமல் இருக்கவும் முடியாது.

ஜோசியம் பற்றி: நாளை மறுநாள் ஆம்பூரில் மழை பெய்யுமா என்று கேட்டால் திணறுவார்கள், ஆனால் அடுத்த சித்திரை அடுத்த மார்கழியைவிடச் சூடாக இருக்கும் என்று நீங்களே எழுதிக் கொடுப்பீர்கள். முதலாவது வானிலை, இரண்டாவதைப் போன்றதுதான் இவர்கள் சொல்வது.

இன்னொன்றையும் கேட்பார்கள், "சரி, எரிப்பதைக் குறைத்துவிட்டால் குளிர்ந்துவிடுமா" என்று. கந்து வட்டிக்கு வாங்கிய ஊர் நம்முடையது, அந்தக் கணக்கில் சொல்லுங்கள். நாம் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியைக் கடலும் செடிகொடியும் எடுத்துக்கொள்ளும், மீதி மேலேயே நூற்றாண்டுக் கணக்கில் தங்கும், அதுதான் அசல். இந்த வருஷம் குறைவாக எரித்தோம் என்றால் இந்த வருஷம் குறைவாகக் கடன் வாங்கினோம் என்று அர்த்தம், பழைய அசல் அப்படியே நிற்கும். புதிதாக வாங்குவதை முழுக்க நிறுத்தினால்தான் ஏறுவதாவது நிற்கும்.


குடியாத்தம்_வாசகி எழுதியது:

சார்களே, அண்ணன்களே, ரொம்ப நன்றி. தறிக்குழி அண்ணா, ரெண்டு வெப்பமானிக்குப் பக்கத்துப் பள்ளி ஆய்வகத்தில் சொல்லி வைத்துவிட்டேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். வறட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தால் எப்படி என்பதை யாரும் தொடவில்லை. அப்புறம், இணையத்தில் ரெண்டு பாட்டில் சோதனை ஒன்று வருகிறதே, ஒன்றில் சும்மா காற்று, இன்னொன்றில் சோடா உப்பும் வினிகரும் கலந்து கரியமில வாயு, ரெண்டுக்கும் விளக்கு வெளிச்சம் காட்டி எது சூடாகிறது என்று பார்ப்பது. அதைச் செய்து காட்டலாமா? கூடவே எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வருஷா வருஷம் ஒன்று சுற்றும், "அல்ஃபெலியன், நாளை முதல் பூமி சூரியனை விட்டு விலகிப் போகிறது, ஆகஸ்ட் வரை கடும் குளிர், ஜாக்கிரதை" என்று. இதை நம்புகிறவர்களிடம்தான் நான் பேச வேண்டும்.


காட்பாடி_வாத்தியார் எழுதியது:

பாட்டில் சோதனை வேண்டாம்மா. விடை சரியாக வரும், காரணம் தப்பு. அந்தச் சின்னப் பாட்டிலுக்குள் கனமான கரியமில வாயு மேலே கீழே கலக்காமல் நிற்பதால் சூடு வெளியே போவது குறைகிறது, பெரும்பாலும் அதைத்தான் நீங்கள் அளக்கிறீர்கள், கதிரைப் பிடிப்பதை இல்லை. பசங்களில் ஒருவன் கெட்டிக்காரனாக இருந்து இதைக் கேட்டுவிட்டால் மொத்தப் பேச்சும் கவிழ்ந்துவிடும். அதற்குப் பதில் சுலபமாக ஒன்று. வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ராத்திரி தெளிய விட்டு மேல் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரியவரைக் கூப்பிட்டு ஸ்ட்ராவில் ஊதச் சொல்லுங்கள் (உறிஞ்சிவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்). பால் மாதிரி வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத வாயு நிஜமாகவே இருக்கிறது, அளக்கவும் முடியும் என்பதற்கு அது போதும்.

அல்ஃபெலியன் கதையில் ஒரு துளி உண்மை உண்டு. பூமி ஜூலை முதல் வாரத்தில் சூரியனிடமிருந்து அதிக தூரத்தில், 15.2 கோடி கிலோமீட்டரில் இருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் மிக அருகில், 14.7 கோடி. வித்தியாசம் மூன்று சதவீதம் சொச்சம். அருகில் இருக்கும்போதுதான் நமக்கு மார்கழி, அந்த ஒரு வரியே வாட்ஸ்அப் செய்தியைச் சாய்த்துவிடும். வெயிலைத் தீர்மானிப்பது தூரத்தைவிடக் கதிர் விழும் கோணம். அதற்குச் சரியான நாள் உங்கள் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டி, மதியம் 12 மணி 12 நிமிஷம் வாக்கில் நம்ம ஊருக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்டமாக வைத்த எவர்சில்வர் டம்ளருக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி ஒருமுறை வரும். உச்சி வெயில் ஏப்ரல் கடைசியில், ஆனால் அக்னி நட்சத்திரம் மே 4க்கு மேல்தான். ஏன் என்று பசங்களைக் கேளுங்கள். தரை தினமும் வாங்குவது விடுவதைவிட அதிகமாக இருக்கும்வரை சூடு ஏறிக்கொண்டே போகும் என்ற பதிலை யாராவது சொன்னால், புவி வெப்பமயமாதலில் பாதியை அவர் சொல்லிவிட்டார்.

வறட்சி வெள்ளம் இரண்டுக்கும் காரணம் நீராவி. ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். மழை இல்லாத நாளில் அதே காற்று ஏரி, கொல்லை, செடி எல்லாவற்றிலிருந்தும் அதிகமாக உறிஞ்சும். பெய்கிற நாளில் அதிகமாகக் கொட்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனதே, அதைப் பார்த்தவர்கள் அங்கே இருப்பார்கள். ஆனால் "அது பருவநிலை மாற்றத்தால் வந்தது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1903லேயே வாணியம்பாடியைப் பாலாறு அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இப்படிப்பட்ட மழைக்கு இப்போது கைச்சரக்கு, அதாவது காற்றில் நீராவி, கூடியிருக்கிறது என்று சொன்னால் போதும், அதுதான் உண்மையும்.


போளூர்_கொல்லைக்காரன் எழுதியது:

நான் விவசாயி, மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்) நெல்லும். உங்கள் கூட்டத்துக்கு வருகிற பெரியவர்கள் இடத்திலிருந்து சொல்கிறேன். அறிவியல் எல்லாம் கேட்டுக்கொள்வோம், கடைசியில் "அதுக்கு நாங்க என்ன பண்ணணும்" என்று கேட்போம். அங்கேதான் பேச வருகிறவர்கள் எல்லோரும் சொதப்புகிறார்கள். மரம் நடுங்கள், லைட்டை அணையுங்கள், துணிப்பை எடுங்கள் என்பார்கள். ஏசியே இல்லாத வீட்டில் போய் ஏசியைக் குறைத்து வை என்று சொன்னால் எப்படி இருக்கும்? இந்தியாவில் தலைக்கு வருஷம் இரண்டு டன் வாக்கில் கரியமில வாயு, அமெரிக்காவில் பதினாலு டன். அந்த ரெண்டு டன்னும் பீடி சுற்றுகிற அம்மா விட்டது இல்லை. அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள் மேடம். மரம் நடச் சொல்லுங்கள், தெருவுக்கு நிழல் கிடைக்கும், வாத்தியார் சொன்ன ரெண்டாவது கணக்குக்கு அது நல்லது, மூணாவது கணக்கை அது அடைக்காது என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.

எங்களுக்கு என்ன உதவும் என்றால், எது எங்கே இடிக்கும் என்று தெரிவதுதான். மல்லாட்டை பூத்து விழுது இறங்கும் நேரத்தில் மண் காய்ந்து இறுகிவிட்டால் விழுது உள்ளே போகாது, செடி பச்சையாக நிற்கும், பிடுங்கினால் காய் இருக்காது. மொத்த மழை கணக்குப்படி சரியாகப் பெய்திருக்கும், இடைவெளிதான் கொல்லும். நெல்லுக்கு ராத்திரிச் சூடு ஆகாது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் 2004இல் எழுதினார்கள், கோடைப் போகத்தில் ராத்திரி வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மகசூல் பத்து சதவீதம் இறங்குகிறது என்று. பகல் வெயிலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், ராத்திரியைப் பற்றி யாராவது பேசுங்கள். கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நூறுநாள் வேலைப் பெண்கள் உறை இறக்கி ரீசார்ஜ் கிணறு போட்டார்களே, அந்த மாதிரி வேலை எங்கள் ஏரிக்கு வருமா, யாரிடம் மனு கொடுக்க வேண்டும், அதைச் சொன்னால் கூட்டம் எழுந்து போகாது.

இடி மின்னலுக்குத் தாமினி என்று ஒரு செயலி இருக்கிறது, புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை நிறுவனம் செய்தது. கோடை இடிமழையில் கொல்லையில் நிற்கிறவர்களுக்கு உபயோகம். கூட்டத்துக்கு வரும் பசங்களைவிட்டு பெரியவர்கள் போனில் அங்கேயே ஏற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.


தறிக்குழி எழுதியது:

கொல்லைக்கார அண்ணன் சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. கான்கிரீட் தளம் இருக்கிறவர்களுக்குப் பங்குனியிலேயே மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள், தூசி படிந்தால் கழுவிவிட வேண்டும், மழைக்காலம் தாண்டினால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். நாங்கள் தறி வீட்டில் அடித்தோம், தளத்தில் கை வைத்தாலே வித்தியாசம் தெரிகிறது, மதியத்தில் உட்கார முடிகிறது.

அப்புறம் அக்கா, வெப்பமானியில் சுற்றுவதற்கு நைலான், பாலியஸ்டர் எடுத்துவிடாதீர்கள், தண்ணீர் ஏறாது. கஞ்சி போடாத பருத்தித் துணி, பழைய கைலிக் கிழிசல் என்றால் உத்தமம். சோதனைக்கு முன்னாடியே துணியை நனைத்து, அறையில் வைத்திருந்த தண்ணீராகப் பார்த்து ஊற்றுங்கள். பானைத் தண்ணீர் ஊற்றினால், "தண்ணி குளிர்ச்சியா இருந்துச்சு, அதான்" என்று ஒருத்தர் சொல்லாமல் விடமாட்டார்.